ஐம்பது வயதில் எனக்கு நானே வாங்கும் எலெக்ட்ரிக் கிதார்: நான் பிறந்த 1976-இல் செய்ததைத் தேடலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் இருக்கிறீர்கள், 1976-இல் பிறந்தவர், இந்த ஆண்டு ஐம்பது நிறைகிறது. கல்லூரி நாளில் வாங்கிய கிதாரையே இன்றுவரை வாசித்து வருகிறீர்கள். மகளின் படிப்புச் செலவு முடிந்த நிலையில், மூன்று லட்சம் ரூபாய் வரை ஒதுக்கி உங்களுக்கென்று ஒரு சிறப்பான எலெக்ட்ரிக் கிதார் வாங்க எண்ணுகிறீர்கள். ப்ளூஸ் வாசிக்கிறீர்கள், அண்மைக்காலமாக ராகங்களையும் கமகத்தோடு வாசித்துப் பார்க்கிறீர்கள். நீங்கள் பிறந்த அதே ஆண்டில் தயாரான ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரையோ கிப்சன் லெஸ் பாலையோ தேடிப்பிடிப்பதா, புதியதே வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. "நான் பொழுதுபோக்குக்கு வாசிப்பவன்தான்" என்று இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். மேடை ஏறாத ஒருவர் இவ்வளவு செலவு செய்வது தகுமா என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தகும். சென்னையில் பல ஆண்டுகளாகக் கிதார் பழுதுபார்ப்பதும், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளை மாற்றுவதும், வாசிப்பவரின் கைக்கேற்பக் கருவியைச் சரிசெய்யும் செட்டப்பைச் செய்து கொடுப்பதும் என் தொழில். என் மேசைக்கு வரும் நல்ல கிதார்களில் பெரும்பகுதி வீட்டில் வாசிப்பவர்களுடையவைதான். மேடைக் கலைஞருக்குக் கிதார் ஒரு தொழில்கருவி. சுருதி விலகாமல், இணைப்பு அறுந்துபோகாமல் இருந்தால் போதும், மீதியை அவருடைய கை பார்த்துக்கொள்ளும். அலுவலகம் விட்டு வந்து இரவில் அரை மணி நேரம் வாசிப்பவருக்குத்தான், எடுத்த உடனே கைக்கு இணங்கும் கருவி அதிகம் தேவை. அந்த அரை மணி நேரத்தைச் சுருதி கூட்டுவதிலும் உயரமான தந்தியோடு மல்லுக்கட்டுவதிலும் அவர் கழித்துவிடக் கூடாது. ஆகவே அந்த உறுத்தலை விட்டுவிடுங்கள். விலையைப் பற்றி ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்: இருபதாயிரம் ரூபாய் கிதாருக்கும் ஒரு லட்ச ரூபாய் கிதாருக்கும் உள்ள தூரம் பெரியது. ஒரு லட்சத்துக்கும் மூன்று லட்சத்துக்கும் உள்ள தூரம் மிகச் சிறியது. அந்தச் சிறிய தூரத்துக்குத்தான் நீங்கள் அதிகப் பணம் கொடுக்கப்போகிறீர்கள். எனவே அது எதில் இருக்கிறது என்று அறிந்து கொடுங்கள்.

இனி 1976. பிறந்த ஆண்டுக் கிதார் என்ற ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் எல்லா ஆண்டுகளும் ஒன்றல்ல. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தது 1954-இல். லியோ ஃபெண்டர் 1965 ஜனவரியில் தன் நிறுவனத்தை அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ்ஸுக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். அதன் பிறகு உற்பத்தி பெருகியது, கவனம் குறைந்தது. 1971-இன் பிற்பகுதியிலிருந்து ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்துப் பகுதியை, அதாவது நெக்கை, நான்கு திருகுகளுக்குப் பதிலாக மூன்று திருகுகளால் உடலோடு பிணைத்தார்கள். நெக்கின் சாய்வைக் கழற்றாமலே சரிசெய்யும் வசதியும் அதில் சேர்ந்தது. யோசனையில் குறை இல்லை. நெக் அமரும் குழியைத் தளர்வாகக் கடைந்ததில்தான் தொல்லை. அப்படிப்பட்ட கிதார்களில் நெக் பக்கவாட்டில் சற்றே நகர்ந்துவிடும். முதல் தந்தி, விரல் பதியும் பலகையான ஃபிரெட்போர்டின் விளிம்பைத் தாண்டி வழுக்கிக்கொண்டே இருக்கும். உடலுக்குக் கனமான ஆஷ் மரம், அதன் மேல் தடித்த பாலியெஸ்டர் பூச்சு. நான்கு கிலோவைத் தாண்டும் 70களின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் பல உண்டு. அதே ஆண்டுகளில் மிக நன்றாக அமைந்தவையும் உண்டு. ஆனால் எது நன்றாக அமைந்தது என்பதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் சொல்ல வழியே இல்லை. கோவையில் உட்கார்ந்துகொண்டு புகைப்படத்தைப் பார்த்து வாங்குபவருக்கு இது பெரிய இடர்.

கிப்சனின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1969-இல் அதன் தாய் நிறுவனம் கைமாறியது. பின்னர் அது நார்லின் என்ற பெயரில் இயங்கியது. நெக்கின் நுனியில் சுருதிக் குமிழ்கள் இருக்கும் ஹெட்ஸ்டாக் உடைந்து உடைந்து உத்தரவாதத்தில் திரும்பி வந்த கிதார்களைக் குறைக்க வேண்டியிருந்தது. அதற்காக நெக்கை மூன்று துண்டுகளாக ஒட்டினார்கள், 70களின் நடுவில் மஹோகனியை விட்டு மேப்பிளுக்கு மாறினார்கள், ஹெட்ஸ்டாக்குக்குப் பின்னால் ஒரு மேடு வைத்தார்கள். பழுதுபார்ப்பவன் என்ற முறையில் இவை மூன்றும் நல்ல மாற்றங்கள் என்றே சொல்வேன். சேகரிப்பாளர்கள் இவற்றை வெறுப்பதால் அந்தக் காலத்து லெஸ் பால்களின் விலை 1958 முதல் 1960 வரை வந்தவற்றின் அருகில்கூட நிற்காது. எடைதான் பிரச்சினை. நான்கரை, ஐந்து கிலோ என்று தோளில் தொங்கும். உங்கள் வயதில் அது என்ன செய்யும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆண்டைச் சரிபார்ப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஃபெண்டரில் தொடர் எண் உடலின் பின்தகட்டிலிருந்து ஹெட்ஸ்டாக்குக்கு மாறியது 1976-இல்தான். எனவே அந்த ஆண்டுக் கிதாரில் எண் இரண்டில் எந்த இடத்திலும் இருக்கலாம். கிப்சனில் 1975 முதல் 1977 வரை ஹெட்ஸ்டாக்கின் பின்புறம் ஒட்டுத்தாளாக எண் இருக்கும். 1976-க்கு அது 00 என்று தொடங்கும். இவற்றைவிட எனக்கு நம்பிக்கையானது வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் அச்சிட்ட எண். 1377620 என்று இருந்தால் 137 என்பது சிடிஎஸ் என்ற தயாரிப்பாளர், 76 ஆண்டு, 20 என்பது அந்த ஆண்டின் வாரம். ஆனால் அந்த உதிரிப்பாகம் அந்த வாரத்துக்கு முன் இருந்திருக்காது என்பதை மட்டுமே இது உறுதியாகச் சொல்கிறது. கிதார் அதற்கு ஓராண்டு கழித்துக்கூடத் தயாராகியிருக்கலாம். பாகத்தை யாராவது மாற்றியும் இருக்கலாம். எண், சாலிடர், நெக்கின் அடியில் உள்ள முத்திரை, பூச்சு ஆகிய அனைத்தும் ஒரே கதையைச் சொன்னால்தான் நம்பலாம். இதையெல்லாம் திறந்து படம் எடுத்து அனுப்பத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

இந்தியாவுக்குள் கொண்டுவருவது வேறு சிக்கல். பயன்படுத்திய பொருள்களின் இறக்குமதிக்கு இங்கே கட்டுப்பாடு இருக்கிறது. கூரியரில் வரும் பழைய கிதார் சுங்கத்தில் நின்றுவிடக்கூடும். புதியதானாலும் பழையதானாலும் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் சேரும். மரத்தைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். அதில் உங்களுக்குக் கவலை குறைவு. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் பன்னாட்டு வணிகத்தில் மிகக் கடுமையான தடைக்குள் இருக்கிறது. மற்ற ரோஸ்வுட் வகைகள் 2017 ஜனவரியில் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019 நவம்பரில் முழுமையாக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. ஃபெண்டர் 60களின் நடுவிலேயே இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறிவிட்டது. அதாவது 1976 கிதாரின் ரோஸ்வுட் ஃபிரெட்போர்டு நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும் அதே ஈட்டி இனம்தான். உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் மலைகளின் மரம், கலிஃபோர்னியாவுக்குப் போய்க் கிதாராகியிருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி.

பிறந்த ஆண்டுதான் முக்கியம் என்று மனம் பிடிவாதமாக நின்றால், அமெரிக்காவை விட்டு ஜப்பானைப் பாருங்கள். யமஹா தன் எஸ்ஜி2000 மாடலை வெளியிட்டது 1976-இல்தான். உடலின் நடுவே முழு நீளத்துக்கும் ஓடும் நெக், உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் ஒரு பித்தளைத் தகடு, நீண்டு நிற்கும் நாதம். கார்லோஸ் சந்தானா அதை எடுத்து வாசித்ததால் உலகம் முழுவதும் தெரிந்தது. கட்டுமானத்தில் அந்த ஆண்டின் அமெரிக்கக் கிதார்கள் பலவற்றைவிட அது மேலானது என்பது என் கருத்து. அதே காலத்து கிரெக்கோ போன்ற ஜப்பானியப் பிரதிகளிலும் நல்லவை உண்டு. அவற்றின் தரம் ஏறிக்கொண்டே போனதால்தான் 1977-இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், இன்னொரு ஜப்பானியப் பெயரான ஐபனேஸின் அமெரிக்கப் பிரிவின் மீது ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காக வழக்குத் தொடுத்தது. மலிவு மாடல்களில் உடல் ஒட்டுப்பலகையாக இருக்கும். அதைப் பார்த்து வாங்க வேண்டும். எஸ்ஜி2000-உம் எடை மிகுந்ததுதான். ஜப்பானில் உறவினரோ நண்பரோ இருந்து, அவர் நேரில் வாசித்துப் பார்த்து எடுத்து வருவதாக இருந்தால் மட்டுமே இந்த வழியைச் சொல்வேன்.

பழைய கிதார் நன்றாக ஒலிக்குமா என்ற கேள்வியில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துக்கொள்வோம். எஃகுத் தந்தி காந்தப்புலத்தில் அதிரும்போது பிக்கப்பின் செப்புச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பிக்கப் எந்த வகை, பிரிட்ஜிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, தந்திக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, அதிரும் தந்தியின் நீளம், குமிழின் மின்தடை, கேபிள், ஆம்ப், ஸ்பீக்கர் ஆகியவை ஒலியை மாற்றுகின்றன என்பதில் ஐயமே இல்லை. அளந்து காட்டலாம், காதாலும் கேட்கலாம். உடலின் மரம் எவ்வளவு மாற்றுகிறது என்பது இன்றும் வாதத்தில்தான் இருக்கிறது. மரம் தந்தியின் அதிர்வை உறிஞ்சும் அளவில் வேறுபாடு உண்டு என்பது உண்மை. அது ஸ்பீக்கர் வழியே வெளிவரும்போது காதுக்கு எட்டுமா என்பதில் என்னைப் போன்றவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஐம்பது ஆண்டு உலர்ந்த மரம் இனிமையாகும் என்பதையும் நான் நிரூபிக்கப்பட்டதாகச் சொல்ல மாட்டேன். வயலினில் இந்தச் சோதனை நடந்திருக்கிறது. 2010-இல் இண்டியானபோலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்களிடம் கண்ணைக் கட்டாத குறையாகக் கருவியை மறைத்து, ஸ்ட்ராடிவேரியஸ் உள்ளிட்ட பழைய வயலின்களையும் புதியவற்றையும் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். எது பழையது என்று அவர்களால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. அதிகம் பேர் விரும்பியது புதிய வயலின் ஒன்றை. வயலினுக்கே இந்த நிலை என்றால், பிக்கப்பும் ஆம்பும் இடையில் நிற்கும் எலெக்ட்ரிக் கிதாருக்கு வயதின் பெயரால் பணம் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் அந்தச் சிறிய தூரம் எதில் இருக்கிறது? என் அனுபவத்தில் அது நெக்கிலும் ஃபிரெட்டிலும் இருக்கிறது. பிக்கப் பிடிக்காவிட்டால் ஒரு மாலையில் மாற்றிவிடலாம். சுருதிக் குமிழ்கள், பிரிட்ஜ், மின்பாகங்கள் எல்லாமே மாற்றத்தக்கவை. உங்கள் இடக்கை உள்ளங்கையில் எப்போதும் இருக்கப்போவது நெக்கின் முதுகு. அதன் தடிமன், தோள்பட்டை போன்ற வளைவு, விளிம்பின் உருட்சி, பூச்சின் வழுவழுப்பு ஆகியவை பொருந்தினால் ஒரு மணி நேரம் வாசித்தாலும் கட்டைவிரலின் அடி வலிக்காது. இது பட்டியலில் எழுதியிருக்கும் 'சி' வடிவம், 'டி' வடிவம் என்பதில் தெரியாது. ஒரே மாடலில் இரண்டு கிதாரை அடுத்தடுத்து எடுத்தால் கூட வேறுபாடு கைக்குத் தெரியும். மெலிந்த நெக்தான் வேகத்துக்கு நல்லது என்று பரவலாகச் சொல்கிறார்கள். சற்றே தடித்த நெக்கில் கை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதில்லை, அதனால் களைப்பு குறைகிறது என்பதை ஐம்பதைக் கடந்தவர்கள் பலரிடம் பார்த்திருக்கிறேன். உங்கள் கை எதை விரும்பும் என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது.

கமகம் வாசிக்கிறீர்கள் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஃபிரெட்போர்டின் மேற்பரப்பு தட்டையானதல்ல. குறுக்கே ஒரு வளைவு இருக்கிறது. 1976 ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அந்த வளைவின் ஆரம் ஏழேகால் அங்குலம், அதாவது நன்றாக வளைந்தது. பல தந்திகளைச் சேர்த்து அழுத்திக் கார்டு பிடிக்க அது சுகம். ஆனால் மேல் ஃபிரெட்டுகளில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒன்றரை சுரம் ஏற்றினால், தந்தி வளைவின் முகட்டில் ஏறும்போது அடுத்த ஃபிரெட்டில் உரசி நாதம் அடைத்துப்போகும். தந்தியை உயர்த்தி வைத்தால் அடைப்பு நீங்கும், விரல் வலிக்கும். காந்தாரத்தையும் நிஷாதத்தையும் ஒரே ஃபிரெட்டிலிருந்து இழுத்து அசைக்கும் உங்களுக்கு இது நாள்தோறும் தொல்லை கொடுக்கும். கிப்சனின் 12 அங்குல ஆரம், அல்லது ஹெட்ஸ்டாக்கை ஒட்டித் தந்திகள் பள்ளத்தில் அமரும் துண்டான நட் பக்கம் வளைவாகத் தொடங்கி உடல் பக்கம் தட்டையாகும் கூட்டு ஆரம் உங்களுக்குப் பொருந்தும். ஃபிரெட் உயரமாகவும் இருக்கட்டும். விரல் மரத்தில் உரசாமல் தந்தியைப் பிடித்து இழுக்க முடியும். ஃபிரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழித்து வைக்கும் ஸ்காலப் முறையை ஜான் மக்லாஃப்லின், இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த சக்தி குழுவில் வாசித்த கிதாரில் செய்திருந்தார். இழுப்புக்கு அது அருமையானது. ஆனால் கார்டு பிடிக்கும்போது அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் சுருதி ஏறிவிடும். ப்ளூஸும் வாசிக்கும் உங்களுக்கு உயரமான ஃபிரெட்டே போதும்.

தந்தியின் நீளத்தையும் பாருங்கள். ஃபெண்டரில் அது இருபத்தைந்தரை அங்குலம். கிப்சனில் இருபத்துநான்கே முக்கால். ஒரே தடிமன் தந்தியை ஒரே சுருதிக்குக் கூட்டினால், குறுகிய நீளத்தில் இழுவிசை சுமார் 6 சதவீதம் குறைகிறது. எண்ணில் சிறியது, விரலில் பெரியது. இரண்டுக்கும் நடுவே 25 அங்குலத்தில் பிஆர்எஸ் கிதார்கள் இருக்கின்றன. விரல் மூட்டில் காலையில் இறுக்கம் தெரியத் தொடங்கியிருந்தால் குறுகிய நீளமும் மெல்லிய 9-ஆம் எண் தந்தியும் நல்ல துணை. வலி நாள்பட இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கிதாரை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

எடை விஷயம் இதே அளவு முக்கியம். மூன்றரை கிலோவுக்குள் இருக்கும் கிதாரை நின்றுகொண்டு வாசிக்கலாம், உட்கார்ந்தும் வாசிக்கலாம். நாலரை கிலோ கிதாரை முதல் மாதம் ஆசையோடு தூக்குவார்கள். பிறகு அது பெட்டியிலேயே இருக்கும். தோளுக்கும் கழுத்துக்கும் வலி வந்து, பெருமையோடு வாங்கிய லெஸ் பாலை விற்றுவிட்டு எடை குறைந்ததற்கு மாறியவர்கள் எனக்குத் தெரிந்து பலர். கடைக்குச் சமையலறைத் தராசு எடுத்துப்போக முடியாது. பயணப் பெட்டியை எடைபார்க்கும் சிறிய கொக்கித் தராசு போதும். தயங்காமல் எடை பாருங்கள். அகலமான தோல் பட்டை வாங்குங்கள், எடையின் பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

பூச்சு பற்றி ஒரு சொல். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு பழங்காலத் தோற்றம் தரும், மெல்லியது, அழகாக மூப்படையும் என்பதெல்லாம் உண்மை. நம் ஊர் வியர்வையில் அது பிசுபிசுக்கும் என்பதும் உண்மை. ரப்பர் வைத்த ஸ்டாண்டில் சாத்தி வைத்தால் அந்த ரப்பர் நைட்ரோ பூச்சை இளக்கித் தழும்பாக்கிவிடும். ஏசி அறையிலிருந்து வெயிலுக்கு எடுத்துச் சென்றால் மயிரிழை விரிசல்கள் ஓடும். நெக்கின் முதுகு மட்டுமாவது பளபளப்பில்லாத சாட்டின் பூச்சாக இருப்பதை உங்களுக்குப் பரிந்துரைப்பேன். சென்னையின் உப்புக்காற்று கோவையில் இல்லை. ஆனாலும் தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் மாதங்களில் நெக் வளைவு மாறும். அப்போது நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான டிரஸ் ராடை ஒரு கால் திருப்பு திருப்ப வேண்டியிருக்கும். அது பழுது அல்ல, வழக்கமான பராமரிப்பு. வியர்வை அதிகம் உள்ள கை என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபிரெட் வைத்த கிதாரைப் பாருங்கள். துருப்பிடிக்காது, கமக இழுப்பில் தேயவும் மிக நாளாகும், இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும்.

உங்கள் தொகைக்கு நான் எதைப் பார்ப்பேன்? பெரிய நிறுவனங்கள் தனிப் பட்டறையில் குறைந்த எண்ணிக்கையில் செய்யும் கஸ்டம் ஷாப் கிதார்கள் இங்கே மூன்று லட்சத்துக்குள் புதிதாகக் கிடைக்காது, அவற்றை மறந்துவிடலாம். புதிதாகத் தேய்த்துக் கீறி பழையதுபோல் ஆக்கிய பூச்சுக்குப் பணம் கொடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தேய்மானத்தை நீங்களே உண்டாக்க இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. ஃபெண்டரின் அமெரிக்கன் அல்ட்ரா வரிசை 10 முதல் 14 அங்குலம் வரையிலான கூட்டு ஆரத்தோடு வருகிறது. உங்கள் வாசிப்புக்கு ஃபெண்டரில் அதுவே பொருத்தம். கிப்சனில் லெஸ் பாலைவிட எஸ்ஜியை (யமஹாவின் எஸ்ஜி2000 அல்ல, கிப்சனின் வேறு மாடல்) எடுத்துப் பாருங்கள்: அதே நீளம், அதே 12 அங்குல ஆரம், மெல்லிய உடல், எடை மூன்று கிலோவைச் சற்றே தாண்டும், மேல் ஃபிரெட்டுகளுக்குக் கை தடையில்லாமல் போகும். ஹெட்ஸ்டாக் பக்கம் சாயும் குணம் மட்டும் உண்டு. சொரசொரப்பான தோல் பட்டை அதைக் கட்டுப்படுத்தும். யமஹா ஜப்பானில் தயாரிக்கும் பசிஃபிகா புரொஃபஷனலில் கூட்டு ஆரமும் ஸ்டெயின்லெஸ் ஃபிரெட்டும் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. பெயரின் கவர்ச்சி குறைவு என்பதால் பலர் அதைத் தாண்டிப் போகிறார்கள். பெயரை மறைத்துவிட்டு வாசிக்கச் சொன்னால் அதை விரும்புபவர்கள் நிறைய இருப்பார்கள் என்று நினைக்கிறேன். இது என் கணிப்பு மட்டுமே.

இன்னொரு வழி இருக்கிறது, பழுதுபார்ப்பவர்கள் தமக்கு வாங்கும்போது பின்பற்றுவது. கிப்சன் கிதாரின் ஹெட்ஸ்டாக் சுமார் 17 பாகை பின்னுக்குச் சாய்ந்திருக்கும். டிரஸ் ராடுக்காகக் குடைந்த இடமும் சரியாக அங்கேதான் இருக்கிறது. ஸ்டாண்டிலிருந்து விழுந்தால் அங்கே உடையும். தேர்ந்தவர் சுத்தமாக ஒட்டிய உடைப்பு பல ஆண்டுகள் அசையாமல் நிற்கும், ஒலியில் குறை தெரியாது. ஆனால் சந்தையில் அந்தக் கிதாரின் விலை பாதி அளவுக்குக்கூட இறங்கிவிடும். சேகரிக்க வாங்குபவர் அதைத் தொட மாட்டார். வாசிக்க வாங்குபவருக்கு அது பேறு. ஒட்டியது எப்போது, யார், எந்தப் பசை என்று கேட்டு, முழுச் சுருதியில் சில நாள்கள் இருந்த பிறகு கோடு விரியவில்லை என்று பார்த்து வாங்கலாம். பிறந்தநாள் பரிசு உடைந்து ஒட்டியதாக இருப்பது மனத்துக்கு ஒப்பாது என்றால் விட்டுவிடுங்கள். அந்த உணர்வும் நியாயமானதே.

விலை ஏறும் என்ற எண்ணத்தில் எதையும் வாங்காதீர்கள். 1950களின் கிதார்கள் ஏறின என்பது வரலாறு. இன்று தொழிற்சாலையிலிருந்து வருவது ஏறும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மூன்று லட்சத்தையும் கிதாரிலேயே போட்டுவிடவும் வேண்டாம். நீங்கள் இன்னும் கல்லூரிக் கால ஆம்பையே வைத்திருந்தால், தொகையில் கால் பங்கை ஆம்புக்கு ஒதுக்குங்கள். காதுக்கு எட்டும் மாற்றம் அதில்தான் அதிகம். அடுக்குமாடியில் 15 வாட் வால்வு ஆம்பைக்கூடப் பாதிக்கு மேல் திருப்ப முடியாது. ஒலியளவைக் குறைத்தாலும் நிறைவாக ஒலிக்கும் சிறிய ஆம்போ, பல ஆம்ப்களின் ஒலியை மின்னணு முறையில் போலச்செய்து ஹெட்போனில் கேட்கத் தரும் மாடலிங் கருவியோ உங்களுக்கு அதிகம் பயன்படும். வீட்டில் மூன்று முனை பிளக்கின் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். கிதார் தந்தி ஆம்பின் எர்த்தோடு இணைந்தது. எர்த் இல்லாத வீட்டில் இரைச்சல் மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு. ஒரு நல்ல செட்டப்புக்கும் நட்டைச் சரியாக வெட்டுவதற்கும் சில ஆயிரம் ஒதுக்குங்கள். மூன்று லட்ச ரூபாய் கிதாரும் தொழிற்சாலையிலிருந்து உங்கள் கைக்கென்று அமைந்து வருவதில்லை.

கடையில் முதலில் ஆம்ப் இல்லாமல் வாசியுங்கள். பாடத் தெரிந்தவர் சுருதிப்பெட்டியோடு அமர்வதுபோல் நிதானமாக அமர்ந்து, ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் தனித்தனியே ஒலிக்கச் செய்யுங்கள். எங்கேயாவது நாதம் சட்டென்று செத்தால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தந்தியை 12 முதல் 17-ஆம் ஃபிரெட் வரை ஒன்றரை சுரம் இழுத்துப் பாருங்கள். மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே பாருங்கள். காகிதம் நுழையும் இடைவெளிக்கு மேல் இருந்தால் நட் வெட்டப்படவில்லை, அதைச் சரிசெய்யலாம். நெக்கை ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். முறுக்கு தெரிந்தால் வேண்டாம், அதைச் சரிசெய்ய முடியாது. பட்டை மாட்டி கால் மணி நேரம் நில்லுங்கள். அதன் பிறகே ஆம்பில் போடுங்கள். அதே மாடலில் இன்னொன்று இருந்தால் அதையும் கேளுங்கள். விற்பவர் பொறுமை இழந்தால் வேறு கடைக்குப் போகலாம்.

ஐம்பதாம் ஆண்டின் அடையாளம் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. திருகில் பிணைத்த நெக் கொண்ட கிதாரில் பின்புறம் ஓர் எஃகுத் தகடு இருக்கும். அதே அளவில் தனித் தகடு வாங்கி, பாத்திரத்தில் பெயர் வெட்டுபவரிடமோ லேசர் பொறிப்பவரிடமோ கொடுத்து உங்கள் பெயரையும் 1976, 2026 என்ற ஆண்டுகளையும் பொறித்து மாட்டிக்கொள்ளலாம். பழைய தகட்டைப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். மரத்தில் எதையும் செதுக்காதீர்கள். பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். கிதார் உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதன் பிறகு செட்டப் செய்தால் அது நிலைக்கும்.

இப்போது கையில் இருக்கும் கிதாரின் நட் அகலம், பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தந்தியின் உயரம், நீங்கள் போடும் தந்தியின் எண், அதன் நெக் எந்த இடத்தில் உறுத்துகிறது அல்லது சுகமாக இருக்கிறது என்பதைக் கீழே எழுதுங்கள். முப்பது ஆண்டாக உங்கள் கை எதற்குப் பழகியிருக்கிறது என்று தெரிந்தால், மேலே சொன்ன மூன்றில் எதை முதலில் எடுத்துப் பார்க்கலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.